கைதட்டினால் என்ன குற்றம்?

மேற்கத்திய இசைக் கச்சேரிக்குப் போகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது, எப்போது கைதட்டக் கூடாது என்பதைத்தான். கான்செர்ட்டோவுக்குப் பெரும்பாலும் மூன்று பகுதி, சிம்பொனிக்கு நான்கு. எல்லாம் முடிந்த பிறகே தட்டவேண்டுமாம். இந்தச் சட்டத்தை நான் ஏற்கவில்லை.

பாரிசில் மகள் வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளை டிக்கெட் வாங்கித் தந்தார். முதலில் ஷோப்பேனின் எப் மைனர் பியானோ கான்செர்ட்டோ, இடைவேளைக்குப் பின் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி. கான்செர்ட்டோவின் முதல் பகுதி முடிந்ததும் என் மனைவி கைதட்டினாள். நம் ஊர்க் கச்சேரியில் நல்ல சங்கதி விழுந்தால் 'பேஷ்' சொல்லியே பழகியவள். முன்வரிசை அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குப் பதில் சொல்ல மொழி இருந்தது. மனைவி என் கையைப் பிடித்து அடக்கிவிட்டாள். கடைசியில் கோரஸ் பாடி முடித்து அரங்கமே எழுந்து நின்றபோது, "இப்ப தட்டலாமாங்க?" என்று கேட்டாள்.

யார் போட்ட சட்டம் இது? ஷோப்பேன் போடவில்லை. 1830 மார்ச் 17 அன்று வார்சாவில் அவரே இந்தக் கான்செர்ட்டோவை வாசித்தபோது, முதல் பகுதிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே வேறொருவர் எழுதிய ஹார்ன் இசையை நுழைத்தார்கள். நடுவில் வேறு பாட்டே வரலாம், கைதட்டல் மட்டும் ஆகாதா? 1778-ல் இதே பாரிசில், தன் சிம்பொனியின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் கைதட்டியதை மொசார்ட் அப்பாவுக்குச் சந்தோஷமாக எழுதினார். கச்சேரி முடிந்து ஐஸ்கிரீம் சாப்பிடப் போனாராம்!

பீத்தோவன் கதை தெரிந்ததே. 1824 மே 7, வியன்னா. காது கேளாத மனிதரைக் கரோலின் உங்கர் என்ற பாடகி திருப்பி, ஜனங்கள் கைதட்டுவதைக் கண்ணால் பார்க்க வைத்தார். இரண்டாம் பகுதி முடிந்தபோதே அது நடந்தது என்பாரும் உண்டு.

அமைதி கெடும் என்பார்கள். ஒன்பதாவதின் மூன்றாம் பகுதி மெல்ல அடங்குகிறது. அங்கே எவனுக்கும் கை எழாது. ஆனால் பகுதிக்குப் பகுதி அரங்கம் முழுக்க இருமுகிறார்களே, அதற்கு யாரும் முறைப்பதில்லை.

நிகழ்ச்சி நிரலில் மொபைலை அணைக்கச் சொல்லி அச்சடிக்கிறார்கள். அதன் கீழே, 'பிடித்திருந்தால் நடுவிலும் தட்டலாம்' என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?