வீதியெல்லாம் தேடிய கார்



பிரேசில் நாட்டில் கொயானியா என்றொரு நகரம். 1987ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி காலை, அந்நகரில் இருந்த ஒரு பௌதிக நிபுணர் கையில் ஒரு கருவியோடு சுகாதாரக் கந்தோரை நோக்கிப் புறப்பட்டார். கருவி அவருடையதல்ல, நிலத்தில் யுரேனியம் தேடுகிறவர்களிடம் இரவல் வாங்கியது. சுகாதாரக் கந்தோரில் யாரோ ஒரு பெண் கொண்டுவந்து வைத்த பொதி இருக்கிறது, அது என்னவென்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று டொக்டர் ஒருவர் கேட்டிருந்தார்.

வழியில் கருவியைத் திறந்தார். முள் ஒரேயடியாக உச்சிக்குப் போய் நின்றது. இந்தப் பக்கம் திருப்பினாலும் உச்சி, அந்தப் பக்கம் திருப்பினாலும் உச்சி. சரி, இது பழுதாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போய் இன்னொன்றை வாங்கி வந்தார். அதுவும் அப்படியே காட்டியது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது, பழுதானது கருவியல்ல, ஊர்தான் என்று. அவர் கந்தோரைச் சென்றடைந்தபோது தீயணைப்புப் படையினர் அந்தப் பொதியை ஆற்றில் எறியத் தயாராக நின்றார்களாம். நல்ல வேளை, ஓடிப்போய்த் தடுத்தார்.

அந்தப் பொதியில் என்ன இருந்தது? அதைச் சொல்ல இரண்டு வாரம் பின்னால் போக வேண்டும்.

புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் தனியார் நிலையமொன்று 1985ஆம் ஆண்டின் இறுதியில் இடம் மாறியது. போகும்போது ஒரு இயந்திரத்தை அப்படியே பழைய கட்டடத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்கவுமில்லை. கட்டடம் பாதி இடிந்து கிடந்தது. 1987 செப்டெம்பர் 13ஆம் திகதி இரண்டு பேர் உள்ளே போய், இயந்திரத்தின் பாரமான பகுதியைக் கழற்றித் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரும்பு விலைக்குப் போகும் என்று நினைத்தார்களே தவிர, அதன் நடுவில் சீசியம் 137 அடங்கிய 93 கிராம் சீசியம் குளோரைட்டு இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் தூள். கழற்றிய இருவருக்கும் வாந்தி வந்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

அதைப் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் வாங்கினார். அன்றிரவு பார்த்தால் உள்ளிருந்து நீல நிறத்தில் வெளிச்சம்! இப்படியொரு அதிசயம் வீட்டுக்கு வந்தால் யார்தான் தனக்குள் வைத்துக்கொள்வார்கள்? மனைவிக்குக் காட்டினார். உறவினரும் நண்பர்களும் வந்து பார்த்தார்கள். அரிசி மணியளவு துண்டுகளை எடுத்து அவர்களுக்குக் கொடுத்தார். தொட்டால் உதிர்ந்து தூளாகும் துண்டுகள். சிலர் அதை மினுக்கம் போல் உடலில் பூசியும் பார்த்தார்கள். அவருடைய சகோதரர் கொஞ்சம் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஆறு வயது மகள் அந்தத் தூளைத் தொட்ட கையாலேயே சாப்பிட்டாள்.

இதற்கிடையில் கடைக்காரரின் மனைவிக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். ஆஸ்பத்திரியில் காட்டியபோது, உண்ட எதுவோ ஒவ்வாமையாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாவம், எத்தனை வீடுகளில் இப்படித்தான், என்ன நோய் வந்தாலும் பழி முதலில் சமையலறை மேல்தான் விழுகிறது. மகளுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்ட தாய் வந்து இரண்டு நாள் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு தூரத்தில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினார். அவருடைய உடுப்பிலும் உடலிலும் ஒட்டிக்கொண்டு அந்தத் தூளும் கூடவே பயணம் போனது.

ஆனால் அந்த மனைவி ஒன்றைக் கவனித்துவிட்டார். வீட்டில் ஒருவருக்கல்ல, ஒவ்வொருவராக எல்லோருக்கும் வருத்தம். எல்லோரும் ஒன்றாக ஒரே சாப்பாட்டைச் சாப்பிடவுமில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்த வெளிச்சம் ஒன்றுதான். விஞ்ஞானம் படித்தவரல்ல. செப்டெம்பர் 28ஆம் திகதி, கடையில் வேலை செய்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, எஞ்சியிருந்ததை ஒரு பையில் போட்டு, பஸ்ஸில் ஏறிப் போய்ச் சுகாதாரக் கந்தோரில் டொக்டரின் மேசையில் வைத்தார். இதுதான் என் குடும்பத்தைக் கொல்கிறது என்று சொன்னார். டொக்டர் சற்று நேரம் மேசையிலேயே வைத்திருந்துவிட்டு, மனம் கேட்காமல் வெளி முற்றத்தில் ஒரு கதிரையில் கொண்டுபோய் வைத்தார். (பின்னர் அந்தக் கதிரையையும் பொதியையும் யாரும் தொடவில்லை. மதிலுக்கு மேலால் கிரேன் மூலம் ஒரு பெரிய கழிவுநீர்க் குழாயை இறக்கி, அதைச் சுற்றி வைத்துக் கொங்கிறீற்றால் நிரப்பினார்கள்.)

இனித்தான் பெரிய வேலை. தூள் எங்கெங்கே போயிருக்கிறது? இரவில் ஒளிர்ந்த பொருள் வீதியில் சிந்திய பின் வெறும் தூசு. கண்ணுக்குத் தெரியாது, மணமில்லை, சூடில்லை. செருப்பில் ஒட்டிப் போகும், காற்றில் பறக்கும். சீசியம் குளோரைட்டு தண்ணீரில் கரைவதால் மழையோடும் ஓடும். அந்த நாட்களில் அங்கே கடும் மழையும் பெய்திருந்தது.

முதலில் நோயாளிகளிடம் கேட்டார்கள். யார் வந்தார்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், நீங்கள் யார் வீட்டுக்குப் போனீர்கள்? அப்படிக் கேட்டுக் கேட்டும், கையில் கருவியோடு நடந்தும் ஏழு பெரிய இடங்களைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். ஆனால் மனிதர் மறந்துபோனவையும் சொல்ல அஞ்சியவையும் இருக்குமல்லவா? அதற்காக ஹெலிகொப்டரில் கருவியைப் பூட்டி, இரண்டு நாட்களில் 67 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நகரப்பகுதியைப் பறந்து அளந்தார்கள். கார்களின் உள்ளும் மேலும் கருவிகளைப் பொருத்தி வீதி வீதியாக ஓட்டினார்கள். நகரத்து வீதிகளில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 2000 கிலோமீற்றருக்கு மேல், இப்படி அளக்கப்பட்டது.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். இத்தகைய கருவிகள் பலவற்றின் உள்ளே ஒரு பளிங்கு இருக்கிறது. கதிர் ஒன்று அதில் பட்டால் மிகச் சிறிய மின்னல் போல் ஒளி தோன்றும். கருவி அதை மின்துடிப்பாக்கி எண்ணும். நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் கணக்கு. கார் மெதுவாகப் போனால் ஒவ்வோர் இடத்துக்கும் அதிக நேரம் கிடைக்கும், சிறிய புள்ளியும் அகப்படும். வேகமாகப் போனால் தவறிவிடும். மதிலும் சுவரும் கதிரைத் தடுக்கும். சிறிய புள்ளியாக இருந்தால், இரு மடங்கு தூரம் விலகும்போது அளவு கால்வாசியாகக் குறையும். ஆகவே கார் வாசல்வரைதான் வரும். உள்ளே அறைக்குள், கட்டிலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை ஒரு மனிதர் கையில் கருவியோடு போய்த்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. எந்த வீதியிலும் கருவி பூச்சியம் காட்டாது. மண்ணிலும் கல்லிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் இருக்கிறது, இடத்துக்கு இடம் அது மாறும். பிரேசிலின் குவாரபாரிக் கடற்கரை அதற்குப் பெயர்போனது. தூரம் போவானேன், நம் பேருவளைக் கடற்கரை மணலிலும் தோரியம் அடங்கிய மொனசைட்டு உண்டு. அங்கே கருவியைக் கொண்டுபோனால் யாரும் எதுவும் சிந்தாமலே முள் சற்று உயரும். எனவே வீதியை அளப்பவர் முதலில் அந்த ஊரின் வழமையான அளவைத் தெரிந்துகொண்டு, அதற்கு மேல் ஏறுவது எது என்று பார்க்க வேண்டும். முள் அசைந்தது என்றவுடன் ஓடத் தொடங்கினால் ஊரில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

கொயானியாவின் வரைபடத்தை விரித்து, தூள் கிடந்த இடங்களுக்கெல்லாம் புள்ளி வைத்துப் பாருங்கள். அது ஏதோ விபத்தின் படம் போல் இராது, ஒரு குடும்பத்தின் உறவுமுறைப் படம் போல் இருக்கும். சகோதரர் வீடு, நண்பர் வீடு, தாய் வீடு, வேலையாள் வீடு. பகையால் பரவியதல்ல அது, பாசத்தால் பரவியது. அதனால்தான் கதிரியக்கத்தை அறிந்த நிபுணர்களுக்கும் முதலில் ஊரின் சொந்தபந்தம் தேவைப்பட்டது.

159 வீடுகளைச் சோதித்ததில் 85 வீடுகளில் தூள் இருந்தது. 41 வீடுகளிலிருந்து ஆட்களை வெளியேற்றினார்கள். ஏழு வீடுகளை இடித்தே தீர வேண்டியிருந்தது. மற்ற வீடுகளில் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அளந்தார்கள். பெறுமதியான நகையோ, மனதுக்கு நெருக்கமான பொருளோ என்றால் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்க முயன்றார்கள். கழுவச் செலவாகும் அளவுக்குப் பெறாதது கழிவோடு போனது. ஒரு வீட்டுச் சாமானில் எது பெறும், எது பெறாது என்று வெளியார் ஒருவர் வாசலில் நின்று தீர்மானிப்பதை அந்த வீட்டுப் பெண்கள் எப்படித் தாங்கினார்களோ தெரியவில்லை. நடைபாதை, சதுக்கம், கடை என்று 45 பொது இடங்களும் சுத்தம் செய்யப்பட்டன. சுமார் 50 வாகனங்களிலும் தூள் இருந்தது. காசு கை மாறுமே என்று ஒரு கோடிக்கு மேற்பட்ட நாணயத் தாள்களை அளந்தார்கள். 68 தாள்களில் அகப்பட்டது.

மனிதர்களையும் அளக்க வேண்டியிருந்தது. நகரின் விளையாட்டரங்கில் வரிசையாக வந்து நின்றவர்கள் 112,000 பேருக்கு மேல். அவர்களில் 249 பேரிடம்தான் தூள் காணப்பட்டது. ஆனால் பயம் எண்ணிக்கை பார்ப்பதில்லையே. வெளியூர்களில் கொயானியாக்காரர் என்றால் ஹோட்டல்களில் அறை கொடுக்க மறுத்தார்கள். தங்களிடம் கதிரியக்கம் இல்லை என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு பயணம் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

நான்கு பேர் இறந்தார்கள். கடையில் அந்தப் பாரத்தை உடைத்த இளைஞர்கள் இருவர். மற்ற இருவரும் ஒரே நாளில், 1987 ஒக்டோபர் 23ஆம் திகதி: கையோடு சாப்பிட்ட அந்த ஆறு வயதுச் சிறுமி, பையைப் பஸ்ஸில் கொண்டுவந்த மனைவி. சிறுமியின் உடலை ஈயம் பதித்த பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தபோது, எங்கள் மயானத்தில் புதைக்காதே என்று கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. கணவர் தப்பினார். மனைவியைவிட அவர் உடலில் பட்ட கதிரின் அளவு கூட, ஆனாலும் 1994 வரை உயிரோடிருந்தார். பெரும்பாலும் வெளியில் திரிந்ததால் அவருக்குக் கதிர் விட்டுவிட்டுப் பட்டது. வீட்டோடு இருந்தவருக்கு விடாமல் பட்டது.

இத்தகைய தேடல் அதோடு முடியவில்லை. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா அணுவுலை விபத்துக்குப் பிறகு, கியோட்டோ பல்கலைக்கழகத்தார் காரில் வைத்துப் போகும் கருவியொன்றை அமைத்தார்கள். அளவையும் இடத்தையும் அது தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். பின்பு அதை மேம்படுத்தி வழமையான பஸ்களிலும் பொருத்தினார்கள். பஸ் தன் பாட்டில் ஆட்களை ஏற்றி இறக்க, கருவி தன் பாட்டில் வீதியை அளந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் டோக்கியோவின் செட்டகாயாப் பகுதியில் ஒரு நடைபாதையில் மணிக்கு 2.7 மைக்ரோ சீவேர்ட் என்று அளவு வந்தது. அது வழமையைவிடப் பல மடங்கு. புகுஷிமாத் தூசு இங்கேயும் வந்துவிட்டது என்று எல்லோரும் கலங்கினார்கள். தேடிப் பார்த்தால், பக்கத்திலிருந்த ஆளில்லாத வீட்டின் தரைக்கடியில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் பழைய போத்தல்கள். கடிகார முட்கள் இருட்டில் ஒளிர ஒருகாலத்தில் பூசிய ரேடியப் பொருள் அது. அந்த வீட்டில் மூதாட்டி ஒருவர் நீண்டகாலம் வாழ்ந்திருந்தார்.

2023 ஜனவரியில் அவுஸ்திரேலியாவில், லொறியில் கொண்டுபோன ஒரு குப்பி 1400 கிலோமீற்றர் பாதையில் எங்கோ விழுந்துவிட்டது. 8 மில்லிமீற்றர் நீளம், 6 மில்லிமீற்றர் அகலம். உள்ளே அதே சீசியம் 137. பாலைவனப் பாதையில் ஒரு பட்டாணியைத் தேடுவது போல்தான். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் போன வாகனமொன்றின் கருவி பெப்ரவரி 1ஆம் திகதி அதைக் காட்டிக் கொடுத்தது. பாதையின் ஓரத்திலிருந்து சுமார் இரண்டு மீற்றர் தள்ளிக் கிடந்தது.

கொயானியாவில் அள்ளிய மண், இடித்த சுவர், கழற்றிய ஓடு, உடுப்பு, சாமான் எல்லாம் சேர்ந்து 3500 கன மீற்றர். 93 கிராமுக்கு அவ்வளவு. நகருக்கு வெளியே அபாடியா என்னும் இடத்தில் அவற்றைச் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். சீசியம் 137இன் வீரியம் பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் வேண்டும். முதற்பாதி 2017இல் முடிந்தது.