உங்களுக்கென்ன டீச்சர், பென்ஷன் வருது!

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சுவாக்கில் ஒரு பிள்ளை சொன்னான்: "உங்களுக்கென்ன டீச்சர், மாசமானா பென்ஷன் வருது. எங்களை மாதிரியா?" என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் வேலை, நாற்பது வயது தாண்டிவிட்டது. விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அதற்குள் ஒரு பயம் இருந்தது, எனக்குத் தெரிந்தது. வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் நிற்கும்போதும் அவன் குரல் அப்படித்தான் இருக்கும்.

அவன் சொன்னது உண்மைதான். 1987-இல் வேலையில் சேர்ந்த இடைநிலை ஆசிரியை நான். 58-இல் வீட்டுக்குப் போகவேண்டியவள். 2020-இல் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், 2021-இல் 60 ஆக்கினார்கள். 2022-இல் வயது முடிந்து, கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனத்தில் இருந்துவிட்டு 2023 மே மாதம் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம். நந்தனத்தில், அண்ணா சாலையில், கால்நடை மருத்துவமனை வளாகம் என்றால் எல்லாருக்கும் தெரியும். இப்போதெல்லாம் உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான சான்றிதழுக்கு அங்கே போகவேண்டியதுகூட இல்லை, தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கிக்கொள்கிறார். நான் இன்னும் நேரில்தான் போகிறேன். பழைய முகம் நாலைப் பார்க்கலாம் அல்லவா? அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் காது கொடுத்தால் போதும், முதுமையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம். யாரும் "எவ்வளவு வருது?" என்று பேசிக்கொள்வதில்லை. "ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்கு?" என்பதுதான் அங்கே பேச்சு.

ஒரு அம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தன் பென்ஷன் எவ்வளவு என்றே தெரியாது என்றார். "பையன் பார்த்துக்கறான்மா." தலைமை ஆசிரியையாக இருந்து, ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கையே பார்த்தவர்!

பென்ஷனே இல்லாதவர்கள் கதை வேறு. தமிழ்நாட்டில் 1.4.2003-க்குப் பிறகு அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம். சம்பளத்தில் 10 சதவீதம் பிடிப்பார்கள், அரசும் அதே அளவு போடும். ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள், மாதாமாதம் எதுவும் கிடையாது. பதிவு மூப்பில் நாற்பது வயதுக்கு மேல் வேலை கிடைத்த எத்தனையோ டீச்சர்கள் அப்படித்தான் வீட்டுக்குப் போனார்கள். இருபது வருஷத்துக்கு மேல் போராடிய பிறகு, இந்த 2026 ஜனவரியில்தான் கடைசிச் சம்பளத்தில் பாதியை ஓய்வூதியமாக உறுதி செய்யும் திட்டத்தை அறிவித்தார்கள். தனியார் கம்பெனிக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். என் வீட்டுக்காரர் கிண்டியில் 28 வருஷம் உழைத்தார். பி.எஃப். பென்ஷன் மாதம் 2,300 சொச்சம். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் 2014-இலிருந்து 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. சிலிண்டர் வாங்கினால் மிச்சம் என்ன இருக்கும்?

எனக்கு இதில் பட்டது ஒன்றுதான். வயதான காலத்தில் நம் பெயரில், நம் கையில், மாதாமாதம் வருகிற பணம் வேண்டும். சின்னத் தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. பெரிய தொகை மொத்தமாகக் கைக்கு வந்தால் அதற்குக் கால் முளைத்துவிடும்.

எனக்கும் முளைத்தது. பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், அதோடு பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே வாங்கும் கம்யூட்டேஷன், எல்லாம் சேர்ந்து வந்தது. (எவ்வளவு என்று எழுதமாட்டேன், சொந்தக்காரர்கள் உட்கார்ந்து கணக்குப் போடுவீர்கள்!) கம்யூட் செய்த பங்கு 15 வருஷம் கழித்துத்தான் பென்ஷனில் திரும்பச் சேரும். அப்போது எனக்கு 75 வயது. எல்லாரும் வாங்குகிறார்கள் என்று நானும் வாங்கினேன். இன்னொரு முறை யோசிக்கச் சொன்னால் வாங்கமாட்டேன்.

பணம் வந்த மாதமே மகன் வந்து உட்கார்ந்தான். சோழிங்கநல்லூர் பக்கம் ஃபிளாட். "அம்மா, நீங்க கொடுத்தா லோன் பாதியா குறையும். கடைசியில எல்லாம் எனக்குத்தானே?" தப்பான பிள்ளை இல்லை. கேட்டதிலும் தப்பில்லை. நாலு லட்சம் கொடுத்தேன், மீதியைக் கொடுக்கமாட்டேன் என்றேன். ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. "பணத்தைக் கட்டிக்கிட்டு அழறாங்க" என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பேச்சு வந்ததும் என் காதுக்கு வந்தது. பேசியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இன்றைக்கு அவன் கட்டுகிற இஎம்ஐயில் ஒரு பங்கு என் பிடிவாதத்தால் வந்தது. ஒன்றாம் தேதி வந்தால் அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் மாற்றிக்கொள்வதாக இல்லை. அவனுக்குச் சம்பாதிக்க இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. எனக்கு இன்னொரு சம்பளம் வரப்போவதில்லை.

வைத்திருந்த பணத்தை எங்கே போட்டேன் என்று நிறையப் பேர் கேட்டீர்கள். தபால் ஆபீஸில், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். 60 வயது ஆனவர்களுக்கு, உச்சவரம்பு 30 லட்சம், ஐந்து வருஷம், இப்போது வட்டி 8.2 சதவீதம். 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் கணக்கில் விழும். வட்டிக்கு வருமான வரி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வங்கி டெபாசிட் என்றால் ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு, அதனால் பிரித்துப் போடுங்கள்.

கூட ஒன்றரை, இரண்டு சதவீதம் கிடைக்கிறதே என்று வேறு எங்கும் போகாதீர்கள். மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் நமக்குத் தெரியாத பெயரா? 1872-இல் தொடங்கியது. மாடவீதிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பணம் போட்ட இடம். முதிர்ந்த டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை என்ற புகாரில் 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநரைக் கைது செய்தார்கள். வாசலில் கூடி நின்றவர்களில் எத்தனை நரைத்த தலைகள்! நிதி நிறுவனங்களுக்கு வங்கி டெபாசிட் காப்பீடு கிடையாது என்பதை அப்போதுதான் பலர் தெரிந்துகொண்டார்கள்.

பணத்தை விடுங்கள். பொழுது என்று ஒன்று இருக்கிறதே!

ரிட்டயர் ஆன முதல் வருஷம் நான் அதிகம் கேட்ட வார்த்தை "சும்மா". "சும்மாதானே இருக்கீங்க, குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க." "சும்மாதானே இருக்கீங்க, என் பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக்கொடுங்க." அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலைகூட வந்தது. 35 வருஷம் மணி அடித்தால் எழுந்து நின்றவள், வேலையே இல்லாமல் ஓய்ந்துபோனேன்.

பிறகு ஒரு முடிவு எடுத்தேன். இலவசமாகச் செய்வதா, காசு வாங்குவதா என்பதை இனி நான்தான் தீர்மானிப்பேன். இப்போது நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் எழுத்தும் கணக்கும். அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவியின் மகனுக்குச் சனிக்கிழமை காலை ஜூமில் தமிழ். எல்லாரிடமும் ஃபீஸ் வாங்குகிறேன். "டீச்சர் காசு கேக்கறாங்க" என்று ஒருத்தி ஆச்சரியப்பட்டாளாம். பல் டாக்டரிடம் ஆச்சரியப்படுவாளா?

காசு வாங்காத வகுப்பும் ஒன்று உண்டு. எங்கள் குடியிருப்பில் நாலு வீட்டில் வேலை செய்யும் பெண். ஐம்பது வயதுக்கு மேல். மதியம் வேலை முடிந்து, என் சமையலறை வாசலில் முக்கால் மணி நேரம். 'அணில், ஆடு' என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். "அதெல்லாம் வேணாம் டீச்சரம்மா, பாஸ்புக் படிக்கணும்" என்றாள். மாதாமாதம் உரிமைத்தொகை 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது, எடுத்துக்கொண்டு வருவது மருமகன். எவ்வளவு எடுக்கிறான், எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவள் பாடத்திட்டம். நான் படித்த டீச்சர் ட்ரெயினிங்கில் இப்படி ஒரு பாடத்திட்டம் சொல்லித் தரவில்லை.

அதனால் எண்ணிலிருந்து ஆரம்பித்தோம். பிறகு 'வரவு', 'பற்று', 'இருப்பு'. 'ற்று' அவளுக்கு இரண்டு வாரம் வசப்படவில்லை. கையெழுத்தும் பழகிவிட்டாள், கடைசி எழுத்து மட்டும் கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை அவளோடு வங்கிக்குப் போனேன். கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாற்ற ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். கவுண்டரில் இருந்த பையன் பாஸ்புக்கைப் பதிவு செய்து என்னிடம் நீட்டினான். அவள் நடுவில் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நின்ற இடத்திலேயே விரலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நகரவில்லை. வெளியே வந்ததும், "ஏடிஎம் கார்டை இன்னிக்கு ராத்திரி கேட்டு வாங்கிடறேன் டீச்சரம்மா" என்றாள்.

வாங்கிவிட்டாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை. நாளை மதியம் வகுப்பு இருக்கிறது, அவளே சொல்வாள்.