கரி அவர்களுக்கு, குழி ஊருக்கா?

“இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுகூட இல்லை. பிறகேன் மூடின சுரங்கங்களைப் பற்றி எழுதவேணும்?” இந்தக் கட்டுரையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினதுமே எங்கட குழுவுக்குள் வந்த முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் நுரைச்சோலையில் இருக்கிறது.

புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் கொள்ளளவுள்ள அனல்மின் நிலையம் ஓடுகிறது. அது எரிக்கிற நிலக்கரியில் ஒரு கிலோகூட இந்த மண்ணில் கிண்டியதல்ல. இந்தோனேசியா, ரஷ்யா, தென்னாபிரிக்கா என்று வெளியிலிருந்து கப்பலில் வருகிறது. நாங்கள் இங்கே போனுக்குச் சார்ஜ் போடுகிறோம், குழி வேறெங்கோ விழுகிறது. கரி தீர்ந்த பிறகு அந்தக் குழிக்கு என்ன நடக்கும் என்பதைப் பற்றி எங்கட லைட் பில்லில் ஒரு வரியும் இல்லை.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். மூடின சுரங்கங்களை ஊருக்குப் பயன்படும் வேறொன்றாக மாற்ற ஆய்வு வேணும், ஆய்வுக்குக் காசு வேணும். அந்தக் காசு கரி எடுத்தவர்களிடமிருந்து, கரி எடுக்கிற காலத்திலேயே வரவேணும். அது தானமுமில்லை, ஊரின் தலையில் கட்டுகிற கடனுமில்லை. அவர்கள் கொடுத்துத் தீர்க்கவேண்டிய பாக்கி அது.

மூடுவதென்றால் வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுப் போவதென்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சுரங்கம் ஓடுகிற காலம் முழுக்க நிலத்தடி நீரைப் பம்பு போட்டு இறைத்துக்கொண்டே இருக்கவேணும். பம்பு நின்றால் நீர் ஏறும். கரிப்படையோடு கிடக்கிற பைரைற் என்ற இரும்புக் கனிமத்தில் நீரும் காற்றும் படும்போது அமிலம் உண்டாகும். அந்த நீர் ஆற்றில் கலந்தால் கரையெல்லாம் செம்மஞ்சளாகும், மீன் சாகும். மீதேன் வாயு கசியும். மேலே வீட்டுச் சுவர் வெடிக்கும், ரோட்டு இறங்கும்.

அதே குழிக்குள் வேறொன்றும் இருக்கிறது. ஆழத்தில் தேங்கின நீர் பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் நிற்கும். அதை மேலே எடுத்து, வெப்பப் பம்பியால் சூட்டைப் பிரித்தால், குளிர்நாட்டில் வீடுகளைச் சூடாக்கலாம். கழிவு கொட்டின நிலத்தில் சூரியத் தகடு போடலாம். கசியும் மீதேனைப் பிடித்து மின்சாரம் எடுக்கலாம். எது சரிவரும் என்பது குழிக்குக் குழி மாறும். நீரில் எவ்வளவு இரும்பு இருக்கிறது, அது குழாயை எத்தனை மாதத்தில் அடைக்கும், நீர் ஏறினால் மேலே நிலம் அசையுமா என்பதையெல்லாம் அளந்து பார்க்காமல் சொல்ல ஏலாது. அந்த அளவெடுப்புக்குத்தான் காசு கேட்கிறோம்.

அளவெடுப்பைப் பிறகு பார்ப்பம் என்று விட்டால் என்ன நடக்கும்? நெதர்லாந்தின் தெற்கில் இருக்கும் ஹேர்லன் நகரத்தைப் பாருங்கள். அந்தப் பகுதியின் சுரங்கங்களை மூடப்போவதாக 1965இல் அரசு அந்த நகரத்திலேயே வைத்து அறிவித்தது. 1974இன் கடைசி நாளோடு எல்லாம் முடிந்தது. சுரங்க வாய்களை அடைத்தார்கள், மேலே இருந்த கட்டடங்களை இடித்தார்கள். 2008இல் அதே குழிகளில் தேங்கின நீரைக் கொண்டு கட்டடங்களைச் சூடாக்கும் திட்டம் அங்கே தொடங்கியது. நல்ல திட்டம், உலகத்துக்கே முன்னோடி. ஆனால் பழைய வாய்கள் அடைபட்டிருந்ததால் நீரை எட்ட ஏறக்குறைய 700 மீற்றர் ஆழத்துக்குப் புதிதாகத் துளை போடவேண்டியிருந்தது. இடையில் போனது 34 வருஷம். மூட முதலே ஆய்வு நடந்திருந்தால், எந்த வாயை அடைப்பது, எதைத் திறந்து வைப்பது என்று முடிவெடுத்திருக்கலாம். எந்தச் சுரங்கப்பாதை எங்கே போகிறது என்று காலால் நடந்து தெரிந்த தொழிலாளிகளும் அப்போது ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

ஜேர்மனியின் ரூர் பிரதேசம் இதைக் கொஞ்சம் முன்யோசனையோடு செய்தது. கல்கரிச் சுரங்கங்களை 2018இல் முற்றாக நிறுத்துவதென்று 2007இலேயே முடிவெடுத்தார்கள். அதே வருஷம் சுரங்கக் கொம்பனியின் சொத்துகளை வைத்து ஒரு அறக்கட்டளை அமைத்தார்கள். 2018 டிசம்பரில் பொட்ரொப் நகரத்தின் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த வருஷத்திலிருந்து, நீர் இறைப்பது போன்ற, ஒருநாளும் முடியாத வேலைகளுக்கு அந்த அறக்கட்டளைதான் செலவழிக்கிறது. கரி எடுத்ததால் ரூரில் இருபது மீற்றர் வரை தாழ்ந்துபோன இடங்கள் உண்டு. பம்பை நிறுத்தினால் அங்கே நகரங்கள் குளமாகும். போகும் நகரத்திலிருக்கும் கல்லூரியொன்றில் சுரங்கத்துக்குப் பிறகான காலத்தை மட்டும் ஆராய ஒரு மையமும் இருக்கிறது.

அந்தக் கடைசிச் சுரங்கத்தை நீரேற்று மின்சேமிப்பு நிலையமாக மாற்றலாமா என்றும் ஆராய்ந்தார்கள். கடைசியில் கட்டவில்லை. “பார்த்தீர்களா, ஆய்வுக் காசு வீண்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கட்டிவிட்டு விழிப்பதை விட, அளந்து பார்த்து விடுவது மலிவு. கிணறு வெட்ட முதல் நீரோட்டம் பார்க்கிற ஊர் எங்கட ஊர். அதில் வீண் என்ன இருக்கிறது?

ரூரை நாங்கள் கோயில் கட்டிக் கும்பிடவும் இல்லை. தங்கட சுரங்கத்தை மூடின ஜேர்மனி அதன் பிறகும் வெளிநாட்டுக் கரியை வாங்கி எரித்தது. தங்கட குழிக்கு அறக்கட்டளை, மற்றவர்களின் குழிக்கு விலைச்சிட்டை மட்டும்.

இடதுசாரி நண்பர்களுக்கும் ஒரு கதை சொல்லவேணும். சுரங்கத்தை அரசுடைமையாக்கினால் எல்லாம் சரி என்று நாங்களும் ஒருகாலம் கதைத்திருக்கிறோம். வேல்ஸிலுள்ள அபர்வான் கிராமத்தில் 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி காலை, சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் பிள்ளைகள். அந்த மேட்டைக் கொட்டினது தேசிய நிலக்கரிச் சபை, முழுக்க அரசின் சொத்து. ஊரின் மேல் மிச்சமிருந்த மேடுகளை அகற்றச் சொல்லி மக்கள் கேட்டபோது என்ன நடந்தது தெரியுமா? உலகமெல்லாம் இருந்து அந்தப் பெற்றோருக்காக அனுப்பின நிவாரண நிதியிலிருந்து 150,000 பவுண் எடுக்கப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த ஊர், பறித்த மேட்டை அள்ளவும் தானே காசு கட்டியது. 1997இல்தான் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் வட்டியில்லாமல். ஆகவே உடைமை யாருடையது என்று கேட்டால் மட்டும் போதாது. குழிக்கான காசு முன்கூட்டியே தனியாக எடுத்துவைக்கப்பட்டதா, அதன் சாவி யாரிடம் என்றும் கேட்கவேணும்.

நுரைச்சோலைக்குக் கரி அனுப்பும் நாடுகளில் ஒன்றான தென்னாபிரிக்காவுக்கு வருவம். அங்கே நிலக்கரியின் மையம் முமலங்கா மாகாணம். 2012 ஜனவரியில் அங்குள்ள கரோலைனா என்ற சிறு நகரத்தின் அணைக்கட்டில் சுரங்க அமில நீர் கலந்தது. குழாய்த் தண்ணி குடிக்க ஏலாததாகப் போய், மாதக்கணக்காக அந்த மக்கள் தண்ணிக்கு அலைந்தார்கள். ஜூலையில் நீதிமன்றம் கட்டளையிடவேண்டியிருந்தது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை தெரிந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதே மாகாணத்தில் 1961 முதல் ஓடின கொமாட்டி அனல்மின் நிலையத்தை 2022 ஒக்டோபரில் மூடினார்கள். சூரியன், காற்று, பயிற்சி நிலையம் என்று அதை மாற்ற உலக வங்கி ஒழுங்குசெய்த தொகை 497 மில்லியன் டொலர். கேட்க இனிக்கிறது. அதில் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பணம் 10 மில்லியன் மட்டும். மிச்சமெல்லாம் கடன். பல தசாப்தமாகக் கரி விற்றுச் சேர்ந்த இலாபம் ஒருபக்கம் போக, பச்சையாக மாறுவதற்கான செலவு கடனாக அந்த நாட்டு மக்களின் தலையில் ஏறுகிறது. 2022இல் கடன் என்றால் என்னவென்று பதின்மூன்று மணித்தியால இருட்டில் இருந்து படித்தவர்கள் நாங்கள்.

“வேறென்ன வழி? காசு எங்கே இருக்கு?” என்று கேட்கலாம். ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1952இல் ஐரோப்பாவில் நிலக்கரி, உருக்குச் சமூகம் இயங்கத் தொடங்கியபோது, அந்தத் துறை உற்பத்தியாளர்களிடம் அறவீடு வாங்கினார்கள். ஒப்பந்தம் 2002இல் காலாவதியானபோது மிஞ்சின சொத்துகள் ஒரு ஆய்வு நிதியாக மாற்றப்பட்டன. இப்போது அந்த நிதி பழைய சுரங்கங்களை மாற்றிப் பயன்படுத்தும் ஆய்வுகளுக்கும் கொடுபடுகிறது. கரியில் எடுத்த காசு கரியின் காயத்துக்கே திரும்புகிறது. அவர்களால் முடிந்ததை மற்றக் கண்டங்களிலிருந்து கரி அள்ளும் கொம்பனிகளிடமும் கேட்கலாம். ஒவ்வொரு தொன்னுக்கும் ஒரு சிறு தொகை, சுரங்கம் உயிரோடு இருக்கும்போதே, கொம்பனியின் கை படாத ஒரு நிதிக்குப் போகவேணும்.

எங்களுக்கு உண்மையில் பயமாக இருக்கிற எதிர்வாதம் வேறு. “ஆய்வு, ஆய்வு என்று சொல்லியே இவர்கள் மூடுவதைத் தள்ளிப்போடுவார்கள்” என்பது. சரியான பயம். சூழல் அறிக்கைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே கிண்டுகிறவர்களைக் கண்டிருக்கிறோம். ஆகையால் மூடும் திகதியைக் கட்டாமல் ஆய்வுக் காசு கொடுக்கக் கூடாது. ரூரில் திகதி முதலில் வந்தது. ஆய்வின் கேள்விகளையும் குழிக்கு மேல் வாழ்கிற ஆக்கள்தான் எழுதவேணும். இலாபம் வருமா என்பது முதலீட்டாளரின் கேள்வி. என்ர கிணத்துத் தண்ணி குடிக்கலாமா, எனக்கு வேலை எங்கே, அந்தச் சூட்டின் சொந்தக்காரர் யார் என்பவை ஊரின் கேள்விகள். பிரிட்டனின் கேற்ஸ்ஹெட் நகரத்தில் 2023 முதல் பழைய சுரங்க நீரின் சூடு கட்டடங்களுக்குப் போகிறது. அந்தத் திட்டம் நகரசபையினுடையது. கொம்பனி விட்டுப்போன குழியை ஊரே வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

கடைசியாக, தூரத்துக் குழிகளைப் பற்றிக் கதைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் இருப்பதை மறைக்க ஏலாது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் யுத்தத்தோடு நின்றது. அதற்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டின பள்ளங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீரில் பெரும்பகுதி அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குள்தான் இருக்கிறது. ஆலையைத் திரும்பத் திறப்பதா என்று அடிக்கடி கதை வருகிறது. அந்தப் பள்ளங்களை என்ன செய்வது, மழைநீர் தேக்கலாமா, உவர் ஏறுமா என்று அளந்து பார்க்கக் காசு ஒதுக்குவதைப் பற்றி யாரும் மேடையில் கதைப்பதில்லை. சீமெந்து விற்ற காலத்தில் ஒரு மூடைக்கு ஒரு சதம் அதற்கென்று எடுத்துவைத்திருந்தால் இன்று கைநீட்டத் தேவையில்லை.

நிலக்கரி டெண்டர் வரும்போதெல்லாம் இங்கே சண்டை வருகிறது. விலை கூட, தரம் குறைவு, யாருக்குக் கொமிஷன் என்று. அவை கேட்கவேண்டிய கேள்விகள்தான். அடுத்த தடவை இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தக் கரி எந்த ஊரில் கிண்டியது, அந்த ஊரின் குழிக்கு விற்கிறவர் எவ்வளவு காசு எடுத்துவைத்திருக்கிறார்? டெண்டர் பத்திரத்தில் அதற்கென்று ஒரு நிபந்தனை போட நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை. கேட்கிற ஆக்கள் இருந்தால் போதும்.