நாளமில்லாச் சுரப்பியும் நம் தாய்மார்களும்

“எல்லாம் அந்த ஆபரேஷனால் வந்த வினை!” உடல் பருத்தாலும், முடி கொட்டினாலும், எரிச்சல் வந்தாலும் நம் தாய்மார்கள் வழங்கும் தீர்ப்பு இதுதான். மேல்முறையீட்டுக்கே இடமில்லாத தீர்ப்பு! விலங்கியல் மாணவி என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் மருத்துவர் செய்வது என்ன? கருமுட்டை செல்லும் குழாய்களை அடைத்துவிடுகிறார். சினைப்பைகளை அவர் தொடுவதில்லை. சினைப்பையில் சுரக்கும் ஹார்மோன்களோ குழாய் வழியே போவதேயில்லை. நேரே இரத்தத்தில் கலக்கின்றன. ‘நாளமில்லாச் சுரப்பி’ என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோமே, அதன் பொருள் இதுதானே? நாளமே வேண்டாத ஒன்றை, குழாயை அடைத்து எப்படி நிறுத்த முடியும்? காப்பர்-டியிலும் ஹார்மோன் கிடையாது, இருப்பது செம்பு. ஆனால் அது மாதவிடாய்ப் போக்கை அதிகமாக்கக்கூடும். மாதந்தோறும் இரத்தம் மிகுதியாகப் போனால் சோகை வரும். களைப்பும் படபடப்பும் முடி உதிர்தலும் தொடரும். பார்ப்பவருக்கு அது ஹார்மோன் கோளாறாகவே தோன்றும்!

அப்படியானால் பெண்கள் சொல்வதெல்லாம் கற்பனையா? இல்லை, சகோதரர்களே! மாத்திரையின் கதை வேறு. ‘மாலா-என்’ அட்டையின் 28 மாத்திரைகளில் 21 ஹார்மோன் மாத்திரைகள். மீதி 7 இரும்புச் சத்து. குமட்டலும், மார்பு வலியும், இடையிடையே உதிரக் கசிவும் அதனால் வரலாம். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தணிந்துவிடும். 3 மாதங்களுக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசியால் மாதவிடாய் தாறுமாறாகலாம், நின்றும் போகலாம், எடையும் கூடலாம். இவற்றை மனப்பிரமை என்று தள்ளுவது அநியாயம். மாத்திரை சாப்பிடுபவருக்குத் திடீரெனக் கடும் தலைவலியோ, நெஞ்சுவலியோ, ஒரு காலில் வீக்கமோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். (ஆடவருக்கான ஆபரேஷன் இதைவிட எளிது, அதற்கு முன்வருவோர் எத்தனை பேர் என்று நான் இங்கே கிளறப் போவதில்லை!) இத்தனை பேரும் பழியை ஆபரேஷன் மேல் போட்டுவிட்டு ஓய்ந்தால், மெய்யான நோயைத் தேடுவது யார்? எடை ஏறுகிறது, சோர்வு வாட்டுகிறது, குளிர் தாங்கவில்லை என்றால் தைராய்டு சுரப்புக் குறைவாக இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நாள்தோறும் ஒரு மாத்திரையில் கட்டுப்படும். இருபதுகளில் ஆபரேஷன் செய்துகொண்ட அன்னைக்கு 45 வயதில் உடல் கொதித்து, தூக்கம் கெட்டால், மாதவிடாய் நிற்கும் பருவம் நெருங்குகிறது எனலாம். கால் நூற்றாண்டுக்கு முந்திய தையலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவானேன்?

விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழியர், அம்மாவிடமும் அக்காவிடமும் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன முறை, எந்த ஆண்டு முதல்? தொல்லை தொடங்கியது அதற்கு முன்பா, பின்பா? வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்கள்? அந்தத் தாளோடு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு உடன் செல்லுங்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.