15 வயது வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

மலைக் கொரில்லாவைக் காட்டிலேயே போய்ப் பார்க்க ஆசையா? அதற்கு உங்களுக்கு 15 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு மாதம் குறைந்தாலும் விடமாட்டார்கள். உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் இதுதான் விதி.

எனக்கு வயது 12. இந்த விதி சரியானது என்பதே என் கருத்து. "என்னது? உன்னையே உள்ளே விடமாட்டாங்களே! நீயே இப்படிச் சொல்றியே?" என்று நீங்கள் கேட்கலாம். என் காரணங்களைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆப்பிரிக்காவில் உகாண்டா, ருவாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகளும் சேரும் இடத்தில் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை விருங்கா மலைகள் என்பார்கள். அதற்கு வடக்கே, உகாண்டாவில் புவிண்டி என்ற அடர்ந்த காடு இருக்கிறது. உலகத்தில் மலைக் கொரில்லாக்கள் வாழ்வது இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான். மிருகக்காட்சிசாலையில் நாம் பார்ப்பது வேறு வகைக் கொரில்லா. அது தாழ்வான நிலத்துக் காடுகளில் வாழ்வது.

1980-களில் விருங்கா மலைகளில் சுமார் 250 கொரில்லாக்களே இருந்தன. வனக்காவலர்களும் மருத்துவர்களும் ஊர்மக்களும் பாடுபட்டுக் காப்பாற்றியதால் அவை 600-ஐத் தாண்டின. 2018 வரை நடந்த கணக்கெடுப்புகளின்படி, இரண்டு இடங்களிலும் சேர்த்து 1,063 இருந்தன. சில பெரிய பள்ளிக்கூடங்களில் இதைவிட அதிகமான பிள்ளைகள் படிக்கிறார்கள்!

இனி முக்கியமான காரணத்துக்கு வருவோம். கொரில்லா நமக்கு நெருங்கிய சொந்தம். அதனால் நமக்கு வரும் சளியும் இருமலும் அதற்கும் தொற்றும். நாம் இரண்டு நாள் ரசம் குடித்துப் படுத்தால் எழுந்துவிடுவோம். கொரில்லாவுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். 2009-இல் ருவாண்டாவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தில் பலவற்றுக்குச் சளி பிடித்தது. ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் இறந்துபோயின. மனிதர்களுக்குச் சளியை உண்டாக்கும் ஒரு வைரஸ் அவற்றின் உடலில் இருந்தது.

எங்கள் வீட்டில் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசியபோது, 9 வயதுத் தம்பி விடவே இல்லை.

"எனக்குத்தான் சளி இல்லையே அம்மா! முகக்கவசமும் போட்டுக்கிறேன். அப்பவும் விடமாட்டாங்களா?"

"போன மாசம் உன் வகுப்புல எத்தனை பேருக்குச் சளி பிடிச்சுது?"

"பாதிப் பேருக்கு."

"பிடிக்கப் போகுதுன்னு முதல் நாளே யாருக்காவது தெரிஞ்சுதா?"

தம்பி யோசித்தான். பதில் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் நெருக்கமாக உட்காருகிறோம், சேர்ந்து சாப்பிடுகிறோம். அதனால் ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் வருகிறது. நோய் உடம்புக்குள் வந்தபிறகும் ஓரிரு நாள் வெளியே தெரியாது. அந்த நாளில் நாம் காட்டுக்குப் போனால் என்ன ஆகும்?

இன்னொரு காரணமும் உண்டு. சேற்றிலும் சரிவிலும் பல மணிநேரம் நடக்க வேண்டியிருக்கும். ஆண் தலைவன் கோபத்தோடு பாய்ந்து வருவதுபோல வந்தால், ஓடக் கூடாது. தாழ்ந்து உட்கார்ந்து, அசையாமல் இருக்க வேண்டும். என் தம்பி சிலந்தியைப் பார்த்தாலே ஓட்டம் பிடிப்பான்!

ஆனால் 14 வயதுள்ள எங்கள் பெரியப்பா மகள் அக்கா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "சளி என்ன வயசு பார்த்தா வருது? பெரியவங்களுக்குப் பிடிக்காதா? இது அநியாயம்!" என்றாள்.

அக்கா கேட்டது நல்ல கேள்வி. பெரியவர்களுக்கும் சளி பிடிக்கும். அதனால்தான் அவர்களுக்கும் விதிகள் இருக்கின்றன. ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளில் 8 பேர்தான் போகலாம். ஒரு மணிநேரம்தான் அருகில் இருக்கலாம். 7 முதல் 10 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். முகக்கவசம் போட வேண்டும். உடம்பு சரியில்லாதவர் போகக் கூடாது.

கடைசி விதியில்தான் எனக்குக் கவலை. ஒருவருக்கான அனுமதிச் சீட்டு ருவாண்டாவில் 1,500 அமெரிக்க டாலர். உகாண்டாவில் 800 டாலர். "இவ்வளவு காசு கொடுத்துட்டு எப்படித் திரும்பிப் போறது?" என்று நினைத்து, ஒருவர் தன் இருமலை மறைக்கலாம். 15 வயது என்ற விதி நம்மை நிறுத்தும். அவரை யார் நிறுத்துவது? அவருடைய மனசாட்சிதான் நிறுத்த வேண்டும். ஆகவே, வயது விதி தேவை; ஆனால் அது மட்டும் போதாது. சீட்டு வாங்கும்போதே, "உடம்பு சரியில்லையென்றால் போகமாட்டேன்" என்று பெரியவர்கள் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

"அப்படின்னா யாருமே போகாம இருந்தா நல்லதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சீட்டுப் பணத்தில்தான் வனக்காவலர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது. ருவாண்டாவில் பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. கொரில்லாவால் தங்கள் ஊருக்கும் நன்மை வந்தால், மக்கள் காட்டைக் காப்பாற்றுவார்கள். ஆகவே போக வேண்டும். கவனமாகப் போக வேண்டும்.

எங்கள் திட்டம் இப்போது முடிவாகிவிட்டது. எனக்கு 15 வயது ஆக இன்னும் 3 வருஷம் இருக்கிறது. தம்பிக்கு 6 வருஷம். "போனா எல்லாரும் சேர்ந்துதான் போறோம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் நானும் 6 வருஷம் காத்திருக்க வேண்டும்! அதற்குள் உண்டியலில் காசு சேர்ப்போம். மலை ஏறிப் பழகுவோம். மழை குறைவான ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். தேவையான தடுப்பூசிகளையும் போட்டுக்கொள்வோம்.

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா? நாம் காத்திருந்தால் நமக்கு நஷ்டம் சில வருஷங்கள்தான். காத்திருக்காமல் போனால், ஒரு குட்டிக் கொரில்லாவின் உயிரே போகலாம்.

இது என் கருத்து. நீங்கள் அக்கா பக்கமா, என் பக்கமா? காரணத்தோடு சொல்லுங்கள்.