போதையை விட்டால் மட்டும் போதுமா?

அவிநாசிபாளையம் வட்டாரத்தில் பனியன், விசைத்தறி வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். அவசர ஆர்டர் வந்தால் இரவெல்லாம் வேலை. தூக்கத்தை விரட்டச் சிலர் டீ குடிக்கிறார்கள். சிலர் புகையிலையை வாயில் அடக்குகிறார்கள்.

இவற்றைவிடக் கொடியது 'மெத்தாம்பெட்டமைன்'. 1893-ல் ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் நாகயோஷி தயாரித்த ரசாயனம் இது. இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்கள் தூங்காமலிருக்க இதைக் கொடுத்தார்கள். இன்று தமிழ்நாட்டிலும் இது பிடிபடுகிறது.

இது என்ன செய்யும்?

மூளையில் 'டோபமைன்' என்ற ரசாயனம் உண்டு. ஊக்கம் பிறக்க அது உதவுகிறது. இந்தப் போதை அதை ஒரேயடியாகச் சுரக்க வைக்கிறது. பசியும் தூக்கமும் ஓடிவிடும். போதை தெளிந்ததும் எல்லாம் தலைகீழ். உடல் அசதி, ஓயாத தூக்கம், எதிலும் பற்றில்லாமை. உயிரை விடலாமா என்ற எண்ணம்கூடச் சிலருக்கு வரும்.

அப்போது வீட்டார், "சோம்பேறி" என்று ஏசுகிறார்கள். அது சோம்பல் அல்ல, நோய்.

வேறு சிலருக்கு மனச்சோர்வுதான் முதலில் வருகிறது. அதை மறக்கவே போதையைத் தேடுகிறார்கள்.

ஆகவே, "முதலில் போதையை விடு, மனசை அப்புறம் பார்க்கலாம்" என்பது தவறு. குடத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் ஒன்றை மட்டும் அடைத்துத் தண்ணீர் பிடிக்க முடியுமா? இரண்டுக்கும் சேர்ந்தே வைத்தியம் வேண்டும். சோர்வு போதையால் வந்ததா, தனி நோயா என்பதை டாக்டர் கண்டுபிடிப்பார்.

மந்திர மாத்திரை எதுவும் இல்லை. 2021-ல் அமெரிக்காவில் 403 பேரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளியானது. 'நால்ட்ரெக்சோன்' ஊசியும், மனச்சோர்வுக்கான 'புப்ரோபியான்' மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 100-க்கு 13 பேருக்குமேல் பலன் கண்டது. மருந்தில்லாத போலி ஊசியும் மாத்திரையும் பெற்றவர்களில் அது 3 பேருக்கும் குறைவு. பலன் சிறிதுதான். மருந்தோடு மனநல ஆலோசனையும் குடும்பத்தின் அன்பும் சேரவேண்டும். டாக்டர் சொல்லாமல் கடையில் மாத்திரை வாங்கக் கூடாது.

போலீசுக்குப் பயந்து பலர் ஒளிக்கிறார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (1985) 64-ஏ பிரிவு என்ன சொல்கிறது? சிறிதளவு வைத்திருந்து வழக்கில் சிக்கிய அடிமை, தானே முன்வந்து அரசு ஆஸ்பத்திரியில் முழுச் சிகிச்சை பெற்றால் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு.

மனநல உதவிக்கு 14416. போதை மீட்புக்கு 14446. இரண்டும் இலவசம்.

பூட்டி வைப்பதாலும் அடிப்பதாலும் யாரும் திருந்தியதில்லை. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். போதையைப் பற்றிச் சொல்லும்போது மனசின் துயரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.