டீ டிரைவில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறீர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாவிக்கும் ஒரு கணினி உள்ளவர்கள் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கணினிதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது, பிள்ளைகளின் படிப்புக்கென்று பாவித்த மெஷின் ஒன்றை வாங்கி ஹோலின் மூலையில் வைத்தோம். மூத்த மகளின் ஏ.எல். நோட்ஸ், இளையவனின் கேம், எங்கள் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல்கள், கலியாண வீட்டு போட்டோக்கள், காணி உறுதியின் ஸ்கேன் பிரதி எல்லாம் அதற்குள்தான். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தையும் அது தாண்டி வந்தது. இனி இதற்கு என்ன வரப்போகிறது என்று இருந்துவிட்டோம்.

போன வருடம் ஒரு நாள் காலையில் ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தது. விண்டோஸ் வரவில்லை. ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்த்தோம். ஐந்தாறு தடவை பார்த்தோம். ஹார்ட் டிஸ்க் அப்படிச் சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும், ஒவ்வொரு முறையும் கரண்ட் கொடுக்கும்போது உள்ளே இன்னும் பழுதாகலாம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பழுது பார்க்கும் தம்பி பார்த்துவிட்டு, “டிஸ்க் முடிஞ்சுது சேர்” என்றார்.

“பரவாயில்ல தம்பி. முக்கியமான எல்லாம் டீ டிரைவிலதான் போட்டிருக்கம். அத மட்டும் எடுத்துத் தாங்க.”

அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். “சேர், சீயும் டீயும் ஒரே டிஸ்க்தானே. ஒரு வீட்டுல ரெண்டு அறை மாதிரி. வீடு விழுந்தா ரெண்டு அறையும்தான் விழும்.”

வகுப்பில் வன்தட்டு என்று படம் கீறிக் காட்டியிருக்கிறோம். பகுதி பிரிப்பது என்றால் என்னவென்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் எங்கள் வீட்டுக் கணினிக்குள் இருப்பது ஒரு டிஸ்க்கா, இரண்டு டிஸ்க்கா என்று ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

போனவற்றில் வினாத்தாளை மறுபடியும் தயாரிக்கலாம். மகளின் நோட்ஸைக் கூட்டாளிகளிடம் வாங்கலாம். உறுதியை இன்னொரு முறை ஸ்கேன் பண்ணலாம். எங்கள் உம்மா வட்டிலப்பம் செய்யும் முறையை மகளுக்குச் சொல்லிக்கொடுத்த வீடியோ ஒன்று இருந்தது, 11 நிமிடம். இடையில் எங்களை இரண்டு தடவை ஏசுவா. உம்மா மௌத்தாகி மூன்று வருடம். அவவின் குரல் இருந்தது அதில் மட்டும்தான்.

அதன் பிறகுதான் ‘இரண்டு ஹார்ட் டிஸ்க்’ என்ற கதை எங்கள் வீட்டில் வந்தது. உடனே ஒரு சண்டையும் வந்தது. “ஒண்டு எனக்கு, மத்தது ராத்தாக்கு” என்றான் இளையவன். “ஒன்று பாடசாலை வேலைக்கு, மற்றது வீட்டுக்கு” என்று நாங்கள் நினைத்தோம். பல வீடுகளில் இப்படித்தான், பாகம் பிரிப்பது போல ஆளுக்கு ஆள் பிரிக்கிறார்கள். இது பிழையான பிரிப்பு என்பதுதான் இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வரும் முதல் விடயம்.

ஹார்ட் டிஸ்க்கை ஆளைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது. பொருளைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். போனால் திரும்ப எடுக்கக்கூடியது ஒரு டிஸ்க்கில், போனால் திரும்ப எடுக்க ஏலாதது மற்றதில். விண்டோஸ், ஓஃபிஸ், தமிழ் எழுத்துருக்கள், கேம் இவையெல்லாம் முதலாவது வகை. ஒரு பகல் செலவழித்தால் மறுபடியும் ஏற்றிவிடலாம். போட்டோ, வீடியோ, பிள்ளைகளின் வேலை, பாடசாலை வேலை, குடும்பப் பத்திரங்கள் இரண்டாவது வகை. யாருடையது என்று பிரிக்க வேண்டிய வேலையைக் கணினியில் உள்ள பயனர் கணக்குகள் செய்யும். அதற்குப் பிறகு வருவோம்.

நாங்கள் செய்தது இதுதான். விண்டோஸுக்கு 256 ஜீபீ எஸ்.எஸ்.டி. ஒன்று. குடும்பப் பொருட்களுக்கு 1 டெராபைட் புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை என்பதால் விண்டோஸ் வேகமாகத் திறக்கும். பழைய கணினிக்குப் புது உயிர் வந்த மாதிரி இருக்கும். போட்டோ வைக்க அந்த வேகம் தேவையில்லை, இடம்தான் தேவை. அதற்குக் காசுக்கேற்ற பொருள் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான்.

இதில் பலர் விடும் ஒரு பிழை இருக்கிறது. புதிய எஸ்.எஸ்.டி. வாங்கி விண்டோஸைப் போட்டுவிட்டு, ஏழெட்டு வருடம் ஓடிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடும்பப் பொருட்களுக்கு விடுகிறார்கள். அப்படியென்றால் எளிதில் திரும்பக் கிடைப்பது புதிய டிஸ்க்கில், எந்தக் காசுக்கும் கிடைக்காதது கிழட்டு டிஸ்க்கில். பழையதைப் பாவிக்கத்தான் வேண்டுமென்றால், அது இதுவரை எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது, பழுதான இடங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருட்கள் அதைக் காட்டும்.

பூட்டும் வேலை பெரிதல்ல. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இரண்டு வயர். ஒன்று டேட்டாவுக்கான சாட்டா வயர், மற்றது கரண்ட் வயர். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். முக்கியமாக, விண்டோஸ் ஏற்றும்போது குடும்ப டிஸ்க்கின் வயரைக் கழற்றி வையுங்கள். இரண்டும் பூட்டியிருந்தால் பிழையான டிஸ்க்கை அழித்துவிடும் ஆபத்து உண்டு. சில நேரம் விண்டோஸைத் தொடக்கும் பகுதி மற்ற டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடும், பிறகு அதைக் கழற்றினால் கணினி திறக்காது. விண்டோஸ் ஏறி முடிந்தபின் குடும்ப டிஸ்க்கைப் பூட்டுங்கள். அது புத்தம் புதியது என்றால் டிஸ்க் மேனேஜ்மன்ட்டில் போய் ஒரு முறை போர்மட் பண்ண வேண்டும். பழைய பொருள் உள்ளது என்றால் போர்மட் பண்ணவே கூடாது, அப்படியே தெரியும். இரண்டு டிஸ்க்கையும் ஒட்டி ஒரே பெரிய டிரைவாகக் காட்டுவோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி ஒட்டினால் ஒன்று செத்தாலே எல்லாம் போகும்.

அத்தோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். டெஸ்க்டொப், டொகியுமன்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் இயல்பாக இருப்பது விண்டோஸ் உள்ள டிஸ்க்கில்தான். நம் வீடுகளில் எல்லோரும் எல்லாவற்றையும் சேமிப்பது டெஸ்க்டொப்பில். இரண்டாவது டிஸ்க் வெறுமனே கிடக்கும், பொருளெல்லாம் முதலாவதில் கிடக்கும். அந்த போல்டர்களின் மேல் வலது கிளிக் பண்ணி, புரொபர்ட்டீஸில் லொகேஷன் என்ற இடத்தில், அவற்றைக் குடும்ப டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். ஒவ்வொருவரின் கணக்கிலும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இனி கணக்குகள். உம்மா, வாப்பா, பிள்ளைகள் என்று ஆளுக்கொரு கணக்கும் ஆளுக்கொரு பாஸ்வேர்ட்டும் போட்டோம். மென்பொருள் ஏற்றும் அதிகாரம் பெரியவர்களின் ஒரு கணக்குக்கு மட்டும். இனி எல்லாம் பாதுகாப்பு என்று இருந்தபோது, எங்கள் பாடசாலையிலேயே தரம் 10 படிக்கும் மருமகன் ஒரு நாள் வந்து, இளையவனின் கணக்கில் இருந்து ஏதோ பிரிண்ட் எடுத்தான். போகும்போது மெதுவாகச் சொன்னான், “மாமா, உங்கட ரெண்டாம் தவணப் பேப்பர் திறந்து கிடக்குது. நான் பார்க்கல்ல.”

எங்களுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகுதான் விளங்கியது. விண்டோஸ் உள்ள டிஸ்க்கில் ஒருவரின் போல்டரை மற்றச் சாதாரணக் கணக்கால் திறக்க ஏலாது. ஆனால் இரண்டாவது டிஸ்க்கில் நாமாக உருவாக்கும் போல்டர், நாம் தடை போடாவிட்டால், அந்தக் கணினியில் கணக்குள்ள எல்லோருக்கும் திறந்தே இருக்கும். புரொபர்ட்டீஸில் செக்கியூரிட்டி என்ற பகுதியில் போய் யார் திறக்கலாம் என்று நாமே குறிக்க வேண்டும். ஆசிரியர்களே, வினாத்தாளும் புள்ளிப் பட்டியலும் வீட்டுக் கணினியில் வைத்திருக்கும் நீங்கள் இன்றைக்கே இதைப் பாருங்கள். அந்தப் பிள்ளை நேர்மையாக இருந்தான். அவனைச் சோதனைக்குள் தள்ளியது நாங்கள்தான். வினாத்தாளை மாற்றித்தான் பரீட்சை வைத்தோம்.

அமானிதம் என்று நாம் அடிக்கடி கதைக்கிறோம். காசு, காணி, நகை பற்றி வரும்போது கவனமாக இருக்கிறோம். கணினிக்குள் இருப்பதும் அமானிதம்தான் என்பது நமக்கு இன்னும் உறைக்கவில்லை. ஒரு உதாரணம் சொல்கிறோம். கணினி பழுதானால் முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் வைத்துவிட்டு வருகிறோம். இரண்டு நாள், மூன்று நாள் அங்கேயே கிடக்கும். வீட்டுப் பெண்களின் போட்டோ, கலியாண வீடியோ, பிள்ளைகளின் படம் எல்லாம் சேர்ந்துதான் போகிறது. பாதையில் போகும்போது முகம் தெரியாத அளவுக்குப் பேணுதலாக இருக்கும் குடும்பமும் இதை யோசிப்பதில்லை. பழுது பார்ப்பவர்களைச் சந்தேகப்படுகிறோம் என்று எடுக்காதீர்கள். எங்கள் தம்பி போன்ற நல்லவர்கள்தான் அதிகம். ஆனால் தேவையில்லாத பொறுப்பை அவர்கள் தலையில் ஏன் வைக்க வேண்டும்? குடும்பப் பொருள் தனி டிஸ்க்கில் இருந்தால், இரண்டு வயரைக் கழற்றி டிஸ்க்கை அலுமாரியில் வைத்துவிட்டுப் பெட்டியைக் கொடுக்கலாம். இரண்டு டிஸ்க் போடுவதற்கு எங்களைப் பொறுத்தவரை வேகத்தைவிடப் பெரிய காரணம் இதுதான்.

இப்போது இது இன்னும் அவசரம். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அதனால் பல வீடுகளில் கணினியை மாற்றுகிறார்கள், அல்லது புதிய விண்டோஸ் போடக் கொடுக்கிறார்கள். பொருள் தொலைவது இப்படியான நேரத்தில்தான். விண்டோஸ் 11 இல் சில கணினிகள் தாமாகவே டிஸ்க்கைப் பூட்டிவிடும். அதைத் திறக்கும் நீண்ட இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, உறுதியோடு சேர்த்து வையுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது. இரண்டாவது டிஸ்க் போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைத்தால், டீ டிரைவில் இருக்கிறது என்று நாங்கள் நினைத்த அதே பிழைதான். இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள், ஒரே கரண்டில் ஓடுகின்றன. ஒரு இடி விழுந்தால் இரண்டும் போகலாம். வைரஸ் வந்தால் இரண்டுக்கும் போகும். வெள்ளம் வந்தாலும் கள்ளன் வந்தாலும் அப்படித்தான். இன்னொரு பிரதி வீட்டுக்கு வெளியே இருந்தால்தான் அது பாதுகாப்பு.

கரையோரத்தில் வாழும் எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் அம்பாறைக் கரையில் போன உயிர்களுக்கு ஈடே இல்லை. நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது இந்த மாவட்டத்தில்தான். மிஞ்சியவர்களில் பலர் பிறகு தேடியது அல்பங்களை. போன பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட இல்லாத தாய்மார் இருந்தார்கள். அந்தக் காலத்தில் பிரதி எடுப்பது கஷ்டம். இன்றைக்குப் பிரதி எடுக்க அரை மணித்தியாலம் போதும். நாம்தான் செய்வதில்லை.

“எல்லாம் போனில் இருக்கிறதே, கூகுளில் இருக்கிறதே” என்பீர்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜீபீ. மெயிலும் போட்டோவும் மற்ற எல்லாமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். முக்கியமான பத்திரங்களுக்கு அதைப் பாவியுங்கள், நல்லது. போன் என்பதோ ஒருவருடைய விரலுக்கு மட்டும் திறப்பது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் திடீரென்று மௌத்தானார். அவருடைய போனை இன்று வரை வீட்டாரால் திறக்க முடியவில்லை.

நாங்கள் இப்போது வெளியே பூட்டும் சிறிய டிஸ்க் ஒன்று வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு குடும்ப டிஸ்க்கில் உள்ளதை அதில் பிரதி பண்ணி, ராத்தாவின் வீட்டு மேல்மாடியில் கொண்டுபோய் வைப்போம். அவவின் டிஸ்க் எங்கள் அலுமாரியில். இப்போது அந்த வேலையைச் செய்வது மகள்தான். நாங்கள் மறந்தாலும் அவள் மறப்பதில்லை.

உம்மாவின் வீடியோவைப் பற்றிக் கேட்பீர்கள். கட்டாரில் இருக்கும் மச்சானுக்கு எப்போதோ வட்ஸ்அப்பில் அதன் ஒரு துண்டை அனுப்பியிருந்தோம். அவர் அழிக்காமல் வைத்திருந்தார். 3 நிமிடம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்க்கும் இடம் வரைக்கும் இருக்கிறது. எங்களை ஏசும் இடம் அதில் இல்லை. எங்கள் கணினி காப்பாற்றாததை, ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் இருந்த இன்னொருவரின் போன் காப்பாற்றித் தந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இந்த வாரம் உங்கள் கணினியைத் திறந்து, உள்ளே இருப்பது ஒரு டிஸ்க்கா இரண்டா என்று பாருங்கள். டிஸ்க் மேனேஜ்மன்ட்டில் ‘டிஸ்க் 0’ மட்டும் இருந்தால் ஒன்றுதான். எத்தனை எழுத்துத் தெரிந்தாலும் ஒன்றுதான். பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். பூட்டத் தெரியாதவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்லித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.